மரீனா குகையின் சாவிக்காரி

எங்கள் மலைக் கிராமமான ஐன்தூத்தாவில் நாற்பது வயதைத் தாண்டிய பெண்களில் சொந்தப் பெயரால் கூப்பிடப்பட்டவள் அத்லா ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் உம் எலியாஸ், உம் புத்ரோஸ், உம் தன்னூஸ். அதாவது இன்னாரின் அம்மா. முதல் பிள்ளை பிறந்த அன்றே பெண்ணின் பெயரை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் அது கல்லறைக் கல்லில்தான் வெளியே வரும். அத்லாவுக்குப் பிள்ளை இல்லை, புருஷனும் இல்லை. அதனால் நேற்று நடக்கப் பழகிய பொடிசுகூட "அத்லா, குகை தொறந்திருக்கா?" என்று கேட்கும். அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். தைத்ததை வெளியே காட்டிக்கொள்ள அவள் என்ன அவ்வளவு லேசான ஆளா?

குகை, ஊருக்குக் கீழே பள்ளத்தாக்கைப் பார்த்த பாறையில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பாதுகாவலி புனித மரீனாவின் குகை. உள்ளே ஒரு பீடம், எண்ணெய்ப் புகையில் கறுத்த ஒரு படம், பாறையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர். பால் சுரக்காத தாய்மார்கள் மலையின் நாலா பக்கத்திலிருந்தும் வந்து அந்தத் தண்ணீரைக் குடித்து, மார்பிலும் தடவிக்கொண்டு போவார்கள். பால் வந்தால் மரீனாவுக்கு மெழுகுவர்த்தி. வராவிட்டால் அத்லாவுக்கு ஏச்சு, நேற்று விளக்குக்கு எண்ணெய் ஊற்ற மறந்திருப்பாய் என்று. பத்தொன்பது வருஷமாகக் குகையின் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கியது. கதவு கீல் இறங்கிய பழைய கதவு. முழங்காலால் அதை ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டு சாவியைத் திருப்பினால்தான் திறக்கும். அந்த வித்தை வேறு யாருக்கும் கைவரவில்லை.

மரீனாவின் கதை இந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் இங்கே ஒரு தடவை சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் ஆளாளுக்கு வசதிப்பட்ட இடத்தில் அதை முறுக்கிக்கொள்கிறார்கள். மனைவியை இழந்த ஒருவர் துறவு பூண்டு மடத்துக்குப் போனார். மகளை விட்டுப்போக மனசு வரவில்லை. தலையை மழித்து, அங்கியை மாட்டி, மகன் என்று சொல்லிக் கூடவே கூட்டிக்கொண்டு போனார். அப்பா போன பிறகும் அவள் மரீனோஸ் என்ற துறவியாக அங்கேயே இருந்தாள். ஒரு தடவை மடத்து வேலையாக வெளியே போனபோது சத்திரத்தில் தங்கினாள். அந்தச் சத்திரக்காரன் மகள் வேறு எவனாலோ கர்ப்பமானாள். வீட்டில் பிடித்து உலுக்கியதும் அவள் கைகாட்டியது மரீனோஸை. "நான் பெண்" என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் வழக்கு அத்தோடு முடிந்திருக்கும். மரீனா சொல்லவில்லை. மடத்திலிருந்து துரத்தினார்கள். பிறந்த பிள்ளையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டார்கள். மடத்து வாசலிலேயே, வெயிலிலும் பனியிலும் கிடந்து, அதை வளர்த்தாள். பிள்ளை பசியில் கதறியபோது அவள் மார்பில் பால் சுரந்தது என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை. பல வருஷம் கழித்து அவள் இறந்து, உடம்பைக் குளிப்பாட்டும்போதுதான் உண்மை தெரிந்தது. மடமே மார்பில் அடித்துக்கொண்டு அழுததாம். செத்தவளுக்கு அதனால் என்ன பிரயோஜனம் என்று அத்லா கேட்பாள்.

அத்லாவுக்கும் மரீனாவுக்கும் உறவு அவளுடைய ஏழாவது வயதில் தொடங்கியது. விஷக்காய்ச்சல் வந்து, பிழைக்க மாட்டாள் என்று எல்லாரும் கைவிட்டபோது அவள் அம்மா நேர்ச்சை வைத்தாள்: மகள் எழுந்து உட்கார்ந்தால் ஒரு வருஷம் மொட்டையடித்து, மரீனா மாதிரி கறுப்பு அங்கி போட்டுவிடுகிறேன் என்று. மகள் எழுந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததோடு நிற்கவில்லை. மொட்டைத் தலையும் அங்கியுமாக வால்நட் மரம் ஏறினாள், கோயில் மணிக் கயிற்றில் தொங்கினாள், பையன்களோடு கழுதைப் பந்தயம் விட்டாள். துறவி அங்கியை அடிக்க யாருக்கும் கை வரவில்லை. வருஷம் முடிந்து திருவிழா அன்று அம்மா பூப்போட்ட கவுனை எடுத்துக்கொண்டு வந்தபோது, அத்லா வால்நட் மரத்தின் உச்சிக் கிளையில் உட்கார்ந்துகொண்டு சாயங்காலம் வரை இறங்கவில்லை. "கவுன் போட்டா மரம் ஏறக் கூடாதும்பீங்க" என்றாள். அதில் பொய்யில்லையே!

இருபது வயதில் நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை ஆஸ்திரேலியா போனான், இரண்டு வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் போட்டான். அத்லா மோதிரத்தைக் கழற்றி அவன் கடிதத்தோடேயே உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினாள். அழுதாள், மூன்று நாள். நாலாம் நாள் போய் குகைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நாற்பத்தோராவது வயதில், மல்பெரிப் பழம் உதிர்ந்து பாதையெல்லாம் கறுத்துக் கிடந்த ஒரு காலையில், குகைப் படியில் ஒரு திராட்சைக் கூடையைப் பார்த்தாள். கூடைக்குள் மாவுச் சாக்கைக் கிழித்துத் துவைத்த துணி. எல்லா வீட்டிலும் இருக்கிற துணிதான். துணிக்குள் ஓர் ஆண் குழந்தை. பிறந்து ஒரு நாள்கூட இருக்காது. கண்ணைத் திறந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தது.

அத்லா சுற்றும் முற்றும் பார்த்தாள். ஒருத்தரும் இல்லை.

"வாடா" என்றாள் குழந்தையிடம். "ரொம்ப நேரம் காக்க வச்சிட்டேனா?"

அன்றைக்கே அதற்கு ஸர்கீஸ் என்று தன் அப்பாவின் பெயரை வைத்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. ஆட்டுப் பாலில் தண்ணீர் கலந்து, துணித் திரியில் நனைத்து ஊட்டினாள். அது குடித்துவிட்டுக் குடித்ததையெல்லாம் கக்கியது. இரண்டு நாளில் குழந்தை முகம் கிழவன் முகமாகச் சுருங்கிவிட்டது. மூன்றாம் நாள் அத்லா அதைத் தூக்கிக்கொண்டு குகைக்குப் போய், படத்துக்கு முன்னால் நின்று, மரீனாவிடம் சண்டை போட்டாள். உனக்கு மட்டும் சுரந்ததே, எனக்கு ஏன் சுரக்கவில்லை, நான் என்ன குறைத்துவிட்டேன் என்று. வேண்டுதல் மாதிரியே இல்லை அது.

அப்போதுதான் வாசலில் ரஹீல் வந்து நின்றாள்.

ரஹீல் மாவு மில்காரர் அபூ நஸீஃபின் மகள். அம்மாவுக்கு உம் போல அப்பாவுக்கு அபூ. கோயில் சொத்துக்கெல்லாம் பொறுப்பாளர் அபூ நஸீஃப்தான். ஊரில் அவர் இருமினால் மற்றவர்கள் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். போன கோடையில் அவர் மனைவி இறந்ததிலிருந்து பத்தொன்பது வயது ரஹீல் தொளதொளவென்ற கறுப்பு உடையில்தான் இருந்தாள். தாய் செத்த பெண்ணை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

"சித்தி" என்று உறவு வைத்துக் கூப்பிட்டாள் ரஹீல். கைகளை மார்பின் குறுக்கே இறுக்கிக் கட்டியிருந்தாள். கன்னம் காய்ச்சலில் சிவந்திருந்தது. "இந்தத் தண்ணி குடிச்சா பால் ஊறும்னு சொல்றாங்களே."

"ஆமா."

"நிறுத்துறதுக்கு எந்தத் தண்ணி குடிக்கணும்?"

அத்லா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு குழந்தையை அவள் கையில் கொடுத்தாள்.

"எதுக்குடி நிறுத்தணும்? குடிக்கத்தான் ஆள் இருக்கே."

ஸர்கீஸ் அன்று குடித்த குடியில் மூச்சு விடவே மறந்தான். ரஹீல் குனிந்து அவனைப் பார்த்துக்கொண்டே அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, "யாருன்னு கேக்க மாட்டீங்களா?" என்றாள்.

"கேட்டா? அவன் வந்து பால் குடுக்கப் போறானா?"

"அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுட்டு அவரும் செத்துருவாரு, சித்தி."

"ஒருத்தரும் சாக வேணாம். நீ தினம் காலையிலயும் சாயங்காலமும் இங்க செபம் பண்ண வா. உங்க அம்மா ஆத்துமாவுக்காகன்னு சொல்லு. கூடவே ஒரு ஜெபமாலையும் கையில வச்சுக்க, பாக்க நல்லாருக்கும்."

அப்படித்தான் நடந்தது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ரஹீல் ஜெபமாலையோடு மலைப்பாதை இறங்கிக் குகைக்குப் போனாள். மீதி நேரத்துக்கு, வயிறு கொஞ்சம் தெம்பானதும், ஆட்டுப் பாலும் ஒத்துக்கொண்டது. ஊர் ரஹீலின் பக்தியைப் பார்த்து மெய்சிலிர்த்தது. அபூ நஸீஃப் முடிதிருத்தகத்தில் உட்கார்ந்து, "என் மக துறவியா போயிருவாளோன்னு பயமா இருக்கு" என்று பெருமை தாங்காமல் சொல்லுவார். முடிதிருத்தும் ஃபாரிஸ் கத்தரியை நிறுத்திவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வான்.

பக்தி ரஹீலுக்கு, பழி அத்லாவுக்கு என்று ஊர் பங்கு பிரித்துவிட்டது. குகைப் படியில் கிடந்ததாம், பார்த்தவர் யார்? எடுத்தவளே சொன்னால் ஆச்சா? போன குளிர்காலத்தில் அவள் கொஞ்சம் பூசினாற்போல இருந்தாளே? ஃபாரிஸுக்குத்தான் நாக்கு நீளம். ஒருநாள் கடைவாசலில் நாலு பேர் இருக்கும்போது, "குகைத் தண்ணிக்கு இவ்வளவு சக்தியா! இத்தனை நாளா பால்தான் ஊறும்னு நெனச்சேன், நாப்பத்தோரு வயசுல பிள்ளையே ஊறிருச்சே!" என்றான்.

"உனக்கும் ஒரு குடம் தர்றேன், கொண்டுபோ" என்றாள் அத்லா நடையை நிறுத்தாமல். "மூளை ஊறுதான்னு பாப்போம்."

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அபூ நஸீஃபும், பங்குச் சாமியார் அபூனா யூஹன்னாவும், அபூனாவின் மனைவி உம் புத்ரோஸும் அத்லா வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் சபையில் சாமியார்கள் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம். அத்லா ஏலக்காய் போட்டுக் காப்பி வைத்தாள். முதல் மடக்கிலேயே அபூ நஸீஃப் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"அத்லா, நான் உன்னைத் தப்பா சொல்லல. ஊர் சொல்லுது. குகை புண்ணிய ஸ்தலம். அதோட சாவி பேர் கெட்ட ஒருத்தி இடுப்புல தொங்கக் கூடாது. அதனால திருவிழாப் பூசையில, மரீனா படத்துக்கு முன்னாடி, சுவிசேஷத்துல கை வச்சு, இந்தப் பிள்ளை என்னுது இல்லன்னு சொல்லிரு. அத்தோட விஷயம் முடிஞ்சுது. சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."

"பிள்ளை?"

"திரிப்போலியிலேருந்து அநாதை விடுதி சிஸ்டர் கார்ல வருவாங்க. மத்தியானமே கொண்டுபோயிருவாங்க. யாருக்கும் சொந்தமில்லாத பிள்ளை, அங்கதானே இருக்கணும்?"

"சத்தியம் பண்ணலேன்னா?"

"அப்ப அது உன் பிள்ளைன்னு அர்த்தம். வச்சு வளத்துக்க. சாவியைக் குடுத்துரு. ஊர்ல ஒரு வீட்டு வாசப்படி மிதிக்காத."

அத்லா அபூனாவைப் பார்த்தாள். அபூனா காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"மகளே, மரீனாவை நெனச்சுக்க" என்றார் கடைசியில். "எவ்வளவு பழி! ஒரு வார்த்தை பேசினாளா? மௌனம், தாழ்ச்சி. அதானே அவங்க நமக்குக் காட்டின வழி?"

"அபூனா, ஒவ்வொரு வருஷமும் இதையேதான் பிரசங்கம் பண்றீங்க. நானும் முப்பத்தஞ்சு வருஷமா கேட்டுட்டு வர்றேன்." அத்லாவின் குரல் உயர்ந்தது. "அவ ஏன் பேசல தெரியுமா? 'என் பிள்ளை இல்ல'ன்னு சொல்லியிருந்தா அந்தச் சத்திரக்காரன் அதை ஆத்துல வீசியிருப்பான். பிள்ளை போயிரக் கூடாதுன்னு பேசாம இருந்தா. நீங்க என்னடான்னா பொம்பளைங்க வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னு அதுக்கு அர்த்தம் சொல்றீங்க."

உம் புத்ரோஸுக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு அத்லா காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே யோசித்தாள். தெருவில் எவனிடமும் எதையும் அளந்துவிடுவாள் அவள். ஆனால் அந்தப் படத்துக்கு முன்னால் ஏழு வயதிலிருந்து அவள் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அங்கே நின்று, பெறாத பிள்ளையைப் பெற்றேன் என்று எப்படிச் சொல்வது? உண்மையைச் சொன்னால் ஸர்கீஸ் போய்விடுவான். ஒரு மாதத்துக்கும் மேலாக அவள் நெஞ்சில் படுத்துத் தூங்கியவன். அவன் தூக்கத்தில் சிரித்தால் அவளும் தனியாக உட்கார்ந்து சிரித்திருக்கிறாள். அவனை விட முடியாது. அது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள்: உண்மையைச் சொல்லிச் சத்தியம் பண்ணுவது, அப்புறம் கார் முன்னால் குறுக்கே படுத்துக்கொண்டாவது பிள்ளையைத் தடுப்பது. நல்ல யோசனை இல்லை என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

ரஹீலிடம் சொன்னபோது அவள், "நானே எந்திரிச்சு சொல்லிடறேன் சித்தி" என்றாள்.

"சொல்லி? உன்னையும் இழந்து, அவனையும் இழக்கவா? நீ வாயைத் திறந்தே, அந்த வாயிலேயே போடுவேன்" என்றாள் அத்லா.

திருவிழா அன்று கோயில் முற்றத்தில் பெரிய அண்டாக்களில் கோதுமையும் இறைச்சியும் குழைந்து கொதித்தன. ஆண்கள் துடுப்பு மாதிரி நீளக் கட்டைகளால் மாற்றி மாற்றிக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். மணிக் கயிற்றைப் பிடிக்க இளவட்டங்களுக்குள் அடிதடி. மதில் ஓரமாகத் திரிப்போலிக் கார் நின்றது. உள்ளே வெள்ளை முக்காட்டோடு சிஸ்டர் விசிறிக்கொண்டிருந்தார்.

அபூ நஸீஃப் மகளோடு முன்வரிசையில் வந்து நின்றார். மனைவி இறந்து வருஷம் முடிந்துவிட்டது, திருவிழாவுக்குக் கறுப்பு வேண்டாம் என்று, நகரத்திலிருந்து தானே தேர்ந்தெடுத்து வாங்கிய வெளிர்நீலப் பட்டு கவுனை மகளுக்குப் போட்டுவிட்டிருந்தார். காலையிலிருந்து வீடு முழுக்க உறவுக்காரர்கள். தலை பின்ன ஒருத்தி, கவுனுக்கு ஊசி குத்த ஒருத்தி. ரஹீலால் குகைக்குப் போக முடியவில்லை. அத்லா பாறைப் பாதையை இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, ஆட்டுப் பாலைக் கொடுத்துப் பார்த்தாள். ஸர்கீஸ் துப்பினான். அவனுக்கு வேண்டியது எது என்று அவனுக்குத் தெரியும்.

நற்செய்தி வாசித்து முடித்ததும் அபூனா அத்லாவைக் கூப்பிட்டார். குழந்தையை உம் புத்ரோஸ் வாங்கிக்கொண்டாள். அத்லா பீடத்துப் படியில் ஏறி, திறந்திருந்த சுவிசேஷத்தின் மேல் வலது கையை வைத்தாள். இடது பக்கம் மரீனாவின் படம். அன்று குகையிலிருந்து ஊர்வலமாகக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். எதிரே ஊர் முழுக்க. பின்வரிசை ஆண்கள் கழுத்தை நீட்டினார்கள்.

"சொல்லு, மகளே."

அந்த நேரம் பார்த்து ஸர்கீஸ் கத்தினான். சாதாரணக் கத்தலா அது? கோயில் வளைவெல்லாம் அதிர்ந்தது. உம் புத்ரோஸ் தோளில் போட்டுத் தட்டினாள், ஆட்டினாள். அவன் இன்னும் கத்தினான்.

அத்லா ரஹீலைப் பார்த்தாள். ரஹீல் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வெளிர்நீலப் பட்டில், மார்புக்கு நேரே, இரண்டு இடத்தில் நனைந்து கருநீலமாகப் பரவியது. பக்கத்தில் நின்ற அத்தைக்காரி குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அபூ நஸீஃப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு நிமிஷம். யாராவது ஒருவர் தலையைத் திருப்பினால் போதும்.

அத்லா சுவிசேஷத்தின் மேலிருந்து கையை எடுத்தாள். மரீனாவை ஒரு பார்வை பார்த்தாள். என்ன பார்க்கிறாய், நீ செய்ததைத்தானே செய்யப் போகிறேன் என்று மனசுக்குள் சொன்னாள். தோளில் கிடந்த பெரிய கறுப்புச் சால்வையை உருவி, படியிலிருந்தே முன்வரிசைக்கு வீசினாள். அது ரஹீலின் மேல் விழுந்தது.

"பிடிடி இதை, வெக்கை தாங்கல!" என்று கத்தினாள். "அபூனா, நான் சத்தியம் பண்ண மாட்டேன். எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க. இந்தப் பிள்ளை என்னுது!"

ஊர் மொத்தமும் அத்லாவைப் பார்த்தது. ஒரு கண்கூட வேறு பக்கம் போகவில்லை. ரஹீல் சால்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

முதலில் வாய் திறந்தது அபூ நஸீஃப். "மரீனா முன்னாடி நின்னு இதைச் சொல்ல உனக்குக் கூசல?"

"கூசல."

"எவன்? அதையும் சொல்லு. எவன் அந்த ஆளு?"

"நல்ல கேள்வி" என்றாள் அத்லா. ஆண்கள் பக்கம் திரும்பினாள். "இத்தனை ஆம்பளைங்க நிக்கிறாங்களே, ஒவ்வொருத்தரா மேல வந்து, எனக்கு இதுல பங்கில்லன்னு சுவிசேஷத்துல கை வைக்கட்டும். பொம்பளைக்கு ஒரு சத்தியம்னா ஆம்பளைக்கும் ஒண்ணு. வரிசையா வாங்க. ஃபாரிஸ், நீ முதல்ல வர்றியா? இல்ல அபூ நஸீஃப், உங்ககிட்டயிருந்தே ஆரம்பிக்கலாமா?"

ஃபாரிஸ் ஒரு தூணுக்குப் பின்னால் போனான். ஆண்கள் பக்கத்தில் யாரும் நகரவில்லை. பெண்கள் பக்கத்தில் எங்கேயோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவி, பிறகு அடங்கியது.

"சாவியைக் குடு" என்றார் அபூ நஸீஃப். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

அத்லா இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தாள். பத்தொன்பது வருஷத்து முடிச்சு, லேசில் அவிழவில்லை. பல்லால் இழுத்து அவிழ்த்து அவர் கையில் வைத்தாள். "கதவை முழங்காலால தூக்கித்தான் தொறக்கணும். அப்புறம் சொல்லலைன்னு சொல்லக் கூடாது." பிறகு உம் புத்ரோஸிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். "சிஸ்டருக்கு ஒரு தூக்கு நிறைய கோதுமைக் கஞ்சி குடுத்து அனுப்புங்க, பாவம், வெயில்ல வந்திருக்காங்க. அம்மா இருக்கிற பிள்ளைக்கு அநாதை விடுதியில என்ன வேலை? அபூனா, தொட்டியில தண்ணி இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"ஞானஸ்நானம் குடுங்க. இப்பவே. என் பிள்ளைக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது."

அபூனா தாடியைத் தடவினார். "ஞானத்தாயா நிக்க யாராவது வேணுமே, மகளே. யார் நிப்பா?"

கோயிலில் நூறு பெண்களாவது இருந்தார்கள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அத்லா பிரசவத்துக்குப் போய் இரவெல்லாம் கூட இருந்த வீட்டுப் பெண்கள், குகைத் தண்ணீரைக் குடித்துவிட்டு அவள் கையை முத்தமிட்ட பெண்கள். அன்று முழுக்க அத்லாவுக்கு அழுகை வந்த ஒரே இடம் அதுதான்.

கறுப்புச் சால்வை நகர்ந்தது. ரஹீல் முன்னால் வந்தாள்.

"ரஹீல்! போய் நில்லு உன் இடத்துல!" என்றார் அபூ நஸீஃப்.

"நாப்பது நாளா குகையில செபம் பண்ணினேன்பா. என் பக்திய ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தீங்க." அவள் குரல் கேட்பதே கஷ்டமாக இருந்தது. ஆனால் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. "இதுக்குத்தான்பா செபம் பண்ணினேன். நான் நிக்கிறேன்."

பெற்றவள் ஞானத்தாயாக நிற்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். அத்லாவுக்கு அது நன்றாகத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. அபூனா ரஹீலைப் பார்த்தார், அவள் இறுக்கிப் பிடித்திருந்த சால்வையைப் பார்த்தார். பாவசங்கீர்த்தனத்தில் அவர் என்ன கேட்டிருந்தார், என்ன கேட்கவில்லை என்பது அவருக்கே வெளிச்சம். கடைசியில், "பிள்ளையைப் பிடிச்சுக்க, மகளே" என்று ரஹீலிடம் சொன்னார்.

ஸர்கீஸ் அவள் கைக்குப் போனதும் அழுகையை நிறுத்தினான். சால்வைக்குள் முகத்தைப் புதைத்து முட்டினான். "ஞானத்தாயை எவ்வளவு சீக்கிரம் புடிச்சுப்போச்சு பாரேன்!" என்றாள் அத்தைக்காரி.

தண்ணீர் ஊற்றி, எண்ணெய் பூசி எல்லாம் முடிந்ததும், கோயில் அறையில் அபூனா பெரிய பதிவேட்டைத் திறந்து மைக்கூட்டில் பேனாவைத் தோய்த்தார். அத்லாவும், குழந்தையோடு ரஹீலும் மேசைக்கு எதிரே நின்றார்கள். சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு அபூ நஸீஃப் வாசலை அடைத்து நின்றார்.

"பிள்ளை பேரு?"

"ஸர்கீஸ்."

"தாய் பேரு?"

"அத்லா. ஸர்கீஸ் மகள் அத்லா."

ரஹீல் குனிந்து குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள்.

பேனா அடுத்த கட்டத்தில் வந்து நின்றது. "தகப்பன் பேரு?" என்றார் அபூனா, தலையைத் தூக்காமல். "இதை வெறுமையா விட்டா நாளைக்கு இவனைத்தான் கேப்பாங்க."

"வெறுமையா விட வேணாம். மரீனான்னு எழுதுங்க."

"அத்லா!"

"ஏன் அபூனா? ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு அவங்கதான் தகப்பன்னு உலகமே சொல்லுச்சு. அவங்களும் இல்லன்னு சொல்லல. நல்லா வளத்தாங்க. இவனுக்கும் அவங்களே இருக்கட்டும். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா, படம் வெளியதான் இருக்கு, போய்க் கேட்டுட்டு வரட்டும்."

அபூ நஸீஃப் எதையோ சொல்ல வாயெடுத்தார். மகளின் கையில் குழந்தை ஏப்பம் விட்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார், சொல்ல வந்ததை மறந்துவிட்டவர் போல. அபூனா யூஹன்னா மை காய்ந்த பேனாவை மறுபடியும் தோய்த்தார். நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக, எழுதினார்.

அத்லா பிள்ளையை வாங்கிக்கொண்டு கோயில் படி இறங்கியபோது முற்றத்தில் கஞ்சிக்கு வரிசை நின்றிருந்தது. அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. ஃபாரிஸுக்கு மட்டும் இதற்குள் தைரியம் திரும்பியிருந்தது. கையில் தட்டோடு, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, இழுத்து இழுத்துச் சொன்னான்.

"வாழ்த்துக்கள், உம் ஸர்கீஸ்!"

அத்லா நின்றாள். நாற்பத்தொரு வயதில் முதல் தடவையாக அவளை யாரோ அப்படிக் கூப்பிட்டார்கள். பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, நேரே அவன் முன்னால் போய் நின்றாள்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள். "சத்தமா சொல்லு, ஃபாரிஸ். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்."